பசி தந்த பட்டமல்ல!

(வெள்ளக்கடை இளைஞர்கள் நடத்திய நாடக விழாவில் ஆற்றிய உரை)

காப்பித் தோட்டத்து வேலை முடித்து, கால் கழுவி, கைக்குழந்தையை இடுப்பில் ஏந்தி வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! திரைக்குப் பின்னால் அரிதாரம் பூசிக்கொண்டு, ‘இவர் எப்போது பேசி முடிப்பார், நாம் எப்போது தொடங்குவது’ என்று எட்டி எட்டிப் பார்க்கும் நடிகத் தம்பிகளே!

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு. அங்கிருந்தும் வளைந்து வளைந்து வந்தால் வெள்ளக்கடை. சில்வர் ஓக் மரத்தைச் சுற்றி மிளகுக்கொடி ஏறுகிறது. அந்த மரத்தின் நிழலில் காப்பிச் செடி காய்க்கிறது. பனி இறங்குகிறது, பேச்சாளன் பல் நடுங்குகிறது. சமவெளியில் பேசிப் பழகியவன் நான். இங்கே கொஞ்சம் தந்தியடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அது அச்சமல்ல, குளிர்!

‘நடிகனின் பாதை’ என்ற பொருளில் பேச வேண்டுமென்று அழைத்தீர்கள். என்ன பேசுவது என்று நான் வழியெல்லாம் எண்ணிக்கொண்டு வந்தேன். ஆனால் என் உரையைத் தீர்மானித்தது நானல்ல. மாலையில் இங்கே தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது என்னிடம் வந்த ஒரு தம்பி. இருபது வயதிருக்கும். சேலத்துக் கல்லூரியிலே இரண்டாம் ஆண்டு படிக்கிறார். இன்றைய நாடகத்தில் அவருக்கும் ஒரு வேடம் உண்டு.

“அண்ணே! நீங்களும் கல்லூரியை விட்டுவிட்டுத்தானே மேடைக்கு வந்தீர்கள்?” என்றார்.

“ஆமாம், தம்பி” என்றேன்.

“எம்.ஜி.ஆர். மூன்றாம் வகுப்புத்தானே?”

“ஆமாம்.”

“அப்படியானால் நானும் படிப்பை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போகலாமென்று இருக்கிறேன். நாலு நாள் பட்டினி கிடந்தால்தானே, அண்ணே, பெரிய நடிகனாக வர முடியும்?”

தேநீர் கையிலேயே ஆறிப்போயிற்று. ‘போ’ என்று சொல்ல வாய் வரவில்லை. ‘போகாதே’ என்று சொல்ல எனக்கு என்ன தகுதி? நாடகம் தொடங்குமுன் மேடையிலே பதில் சொல்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அந்தப் பதிலைத்தான் இப்போது சொல்லப் போகிறேன். கேட்டவர் ஒருவர், ஆனால் கேட்க நினைத்துக் கேளாமல் இருப்பவர்கள் இந்தக் கூட்டத்தில் இன்னும் பத்துப் பேராவது இருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும்.

தோழர்களே! நம் நாட்டில் நடிகனின் கதையைச் சொல்வதற்கென்று ஒரு வாய்பாடு வைத்திருக்கிறார்கள். குழாய்த் தண்ணீர் குடித்தான், நடைபாதையில் படுத்தான், நாயோடு நாயாகக் கிடந்தான், ஒரு நாள் ஒருவர் கண்ணில் பட்டான், மறுநாள் மாளிகை வாங்கினான்! கேட்கச் சுவையாக இருக்கிறது. ஆனால் இந்த வாய்பாட்டிலே ஒரு நச்சு விதை இருக்கிறது. துன்பம் என்பது ஏதோ நுழைவுச்சீட்டு, அதை வாங்கிவிட்டால் உள்ளே விட்டுவிடுவார்கள் என்று இளைஞன் எண்ணிவிடுகிறான். பசியை முதலீடு என்று நினைத்து, அதைப் போட்டால் புகழ் வட்டியாக வரும் என்று கணக்குப் போடுகிறான். அந்தக் கணக்கு சரியா? தம்பி பெயர் சொன்ன அதே மனிதரின் வாழ்க்கையை எடுத்து வைத்துக்கொண்டே கூட்டிக் கழித்துப் பார்ப்போம்.

1917ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 17ஆம் நாள். இலங்கையிலே, கண்டிச் சீமையிலே, நாவலப்பிட்டி. நீங்கள் பார்த்தால் உங்கள் ஊர் என்றே சொல்வீர்கள். அதுவும் மலை, அங்கும் தோட்டம், அங்கும் பனி. அங்கேதான் மருதூர் கோபாலனுக்கும் சத்யபாமா அம்மையாருக்கும் இராமச்சந்திரன் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே தந்தை மறைந்தார். தாய் பிள்ளைகளோடு கும்பகோணம் வந்து சேர்ந்தார். ஆனையடிப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படிப்பு. அதற்குமேல் ஏட்டைப் புரட்ட வீட்டில் வசதியில்லை; அடுப்பைப் பற்றவைக்கவே வசதியில்லாத வீடு. அண்ணன் சக்கரபாணியோடு தம்பியும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்க்கப்பட்டார். கலைத்தாகத்தால் அல்ல, தோழர்களே, கலைத்தாகத்தால் அல்ல! கம்பெனியில் சேர்ந்தால் சோறு போடுவார்கள். அவ்வளவுதான் காரணம்.

பாய்ஸ் கம்பெனி என்றால் என்னவென்று இன்றைய தலைமுறைக்குச் சொல்ல வேண்டும். பையன்களை மட்டுமே வைத்து நடத்தப்பட்ட நாடகக் குழு அது. இராமனும் பையன், சீதையும் பையன், இராவணனும் பையன். ஊர் ஊராகச் செல்வார்கள். கொட்டகை போட்டு மாதக்கணக்கில் ஆடுவார்கள். வாத்தியார் என்று ஒருவர் இருப்பார். பாட்டு, வசனம், நடை, நிற்கும் விதம், திரும்பும் விதம் எல்லாம் அவர் சொல்லித் தருவார். சொல்லித் தருவதற்கு வாயும் உண்டு, பிரம்பும் உண்டு. இரவெல்லாம் நாடகம், பகலெல்லாம் ஒத்திகை. எட்டு வயதுப் பிள்ளை தூக்கத்தில் புரண்டு படுக்கும் நேரத்தில், முகத்தில் அரிதாரத்தோடு மேடையிலே நின்றது. அந்தப் பிள்ளைக்கு இன்னொரு பேரச்சமும் உண்டு. வயது ஏற ஏற மகரக்கட்டு உடையும். குயில் போலிருந்த குரல் ஒரு நாள் கரகரத்துப் போகும். நேற்றுவரை ஸ்திரீபார்ட்டாக, ராஜபார்ட்டாகக் கொண்டாடப்பட்ட பையன், குரல் உடைந்ததும் மூலையிலே உட்காரவேண்டியதுதான். எத்தனையோ பிள்ளைகளின் வாழ்வு, தொண்டையிலே ஏற்பட்ட அந்த மாற்றத்தோடு முடிந்துபோயிற்று.

எத்தனை கம்பெனிகள் இருந்தன தமிழ்நாட்டில்! எத்தனை நூறு சிறுவர்கள் அவற்றில் பசித்திருந்தார்கள், அடிபட்டார்கள், அழுதார்கள்! அவர்களில் எத்தனை பேருடைய பெயர் நமக்குத் தெரியும்? பி.யு. சின்னப்பா தெரியும். எம்.ஜி.ஆர். தெரியும். சிவாஜி கணேசன் தெரியும். இன்னும் பத்து, இருபது பேரைச் சொல்லலாம். மற்றவர்கள்? அவர்களும் அதே சோற்றைத்தான் உண்டார்கள். அதே பாயில்தான் படுத்தார்கள். அதே பிரம்பைத்தான் கண்டார்கள். பசிதான் நடிகனை ஆக்கும் என்றால், அந்தக் கொட்டகைகளிலிருந்து நூறு நூறாகத் திலகங்கள் புறப்பட்டிருக்க வேண்டாமா? புறப்படவில்லையே! புகழ் பெற்ற ஒருவனைக் காட்டி, ‘பார், அவன் பட்ட பாடு அவனை உயர்த்திற்று’ என்கிறோம். அதே பாடு பட்டுப் புதைந்துபோனவர்களை நாம் எண்ணுவதே இல்லை.

அப்படியானால் அந்தச் சிறுவனுக்குக் கம்பெனி எதைக் கொடுத்தது? பயிற்சியைக் கொடுத்தது. குரலை எங்கே ஏற்றுவது, எங்கே இறக்குவது. கூட்டத்தின் கடைசி வரிசைக்குக் கேட்க எப்படிப் பேசுவது. வாளை எப்படிப் பிடிப்பது, வீசுவது. எதிரில் நிற்பவன் வசனத்தை மறந்தால் எப்படிச் சமாளிப்பது. காளி என். ரத்தினம், எம். கந்தசாமி முதலியார் போன்றவர்களிடமிருந்து அந்தப் பாடங்கள் வந்தன. அந்தக் கல்வி அவர் உடம்போடு ஒட்டிக்கொண்டது. பிற்காலத்தில் தமிழ்நாடே அவரை ‘வாத்தியார்’ என்று அழைத்ததே, அந்தச் சொல் பாய்ஸ் கம்பெனியிலும் வழங்கிய சொல் என்பதை நினைக்கும்போது எனக்கு ஒரு மகிழ்ச்சி.

இனி திரைக்கு வருவோம். 1936ஆம் ஆண்டு ‘சதிலீலாவதி’ படம் வெளிவந்தது. எஸ்.எஸ். வாசனின் கதை. எம்.கே. ராதா கதாநாயகன். இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர், தமிழ் அறியாதவர், அவருக்கு அது முதற்படம். அதில் காவல்துறை ஆய்வாளர் வேடம் ஒன்று, சிறு வேடம். அந்தச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றவர் பத்தொன்பது வயது இராமச்சந்திரன். டங்கனுடைய பெயரை மறந்துவிடாதீர்கள். இன்னொரு முறை அவர் வருவார், அதுவும் உங்கள் மலையடிவாரத்துக்கே வருவார்.

முதற்படம் வந்தாயிற்று. வாய்பாட்டின்படி மறுநாள் மாளிகை வாங்கியிருக்க வேண்டும் அல்லவா? நடந்தது என்ன? 1936, 37, 38, 39... ஆண்டுகள் உருண்டன. ‘தட்ச யக்ஞம்’ படத்தில் ஒரு வேடம், ‘மாயா மச்சீந்திரா’வில் ஒரு வேடம், 1941இல் பாகவதர் நடித்த ‘அசோக்குமா’ரில் ஒரு வேடம், 1945இல் எம்.எஸ். சுப்புலட்சுமி நடித்த ‘மீரா’வில் ஒரு வேடம். எல்லாம் வந்தார், நின்றார், சென்றார் என்ற அளவு. இடையிலே ‘சாயா’ என்ற படத்தில் கதாநாயகன் என்றார்கள். கதாநாயகன்! நெஞ்சு எவ்வளவு விம்மியிருக்கும்! அந்தப் படம் முடியவில்லை, பாதியிலே நின்றுபோயிற்று. மீண்டும் பழைய வரிசையில், பழைய இடத்தில் நிற்க வேண்டும். சொந்த வாழ்விலும் அந்த ஆண்டுகள் இரக்கம் காட்டவில்லை. கைப்பிடித்த முதல் மனைவி பார்கவி அம்மையார் இளவயதிலேயே மறைந்தார்.

பாடத் தெரிந்தவனே கதாநாயகன் என்றிருந்த காலம் அது. பாகவதர் பாடினால் படம் ஓடும், சின்னப்பா பாடினால் படம் ஓடும். பாட்டை நம்பி வராத நடிகன் என்ன செய்வான்? காத்திருப்பான். ஆனால் வெறுமனே காத்திருக்கவில்லை இவர். உடம்பை வளர்த்தார், சிலம்பம் சுழற்றினார், வாட்பயிற்சியை விடவில்லை. காலம் மாறி, பாட்டுக்குப் பதிலாகச் சண்டையும் வசனமும் படத்தைத் தூக்கிச் செல்லும் நாள் வந்தபோது, அதற்கு ஆயத்தமாக ஓர் உடம்பு இருந்தது.

1946இல் ‘ஸ்ரீமுருகன்’ படத்தில் சிவன் வேடம், ஆடினார். அந்த ஆட்டம் ஜுபிடர் நிறுவனத்தார் கண்ணில் பட்டது. 1947இல் ‘ராஜகுமாரி’. இயக்குநர் ஏ.எஸ்.ஏ. சாமிக்கு அது முதற்படம். பெரிய நட்சத்திரங்களைப் போட்டு எடுக்க எண்ணிய படம், செலவைச் சுருக்க வேண்டியிருந்தது, கம்பெனியிலேயே இருக்கும் இளைஞர்களைப் போடலாம் என்று முடிவாயிற்று, இராமச்சந்திரன் கதாநாயகனானார். வசனத்தில் கைகொடுத்தவர் இருபத்திரண்டு வயது மு. கருணாநிதி. பதினோரு ஆண்டுகள், தோழர்களே! 1936இலிருந்து 1947வரை பதினோரு ஆண்டுகள்! நாலு நாள் பட்டினி என்று தம்பி சொன்னாரே, நாலு நாளா அது?

இதற்குப் பின்னும் ஒன்று நடந்தது. அதை யாரும் மேடையில் சொல்வதில்லை. ‘ராஜகுமாரி’ ஓடியது. ஓடிய பிறகு கதாநாயகன் கதாநாயகனாகவே இருந்தாரா? இல்லை. 1948இல் ‘அபிமன்யு’வில் அர்ச்சுனன், அதே ஆண்டு ‘ராஜமுக்தி’யில் பாகவதருக்குப் பின்வரிசை, 1949இல் ‘ரத்னகுமா’ரில் சின்னப்பாவுக்குப் பின்வரிசை. ஏறிய படியிலிருந்து இறக்கிவிட்டார்கள். ஏறும்போது இல்லாத வேதனை இறங்கும்போது உண்டு. ஒரு முறை நடுநாற்காலியில் உட்கார்ந்துவிட்டு, மீண்டும் பின்பெஞ்சுக்குப் போகச் சொன்னால் பலர் கோபித்துக்கொண்டு வீட்டுக்கே போய்விடுவார்கள். இவர் போகவில்லை. கொடுத்த வேடத்தைப் போட்டார். என் மனத்தில் அந்த மனிதரைப் பற்றிய மதிப்பு உயர்வதே இந்த இரண்டு ஆண்டுகளை எண்ணித்தான். வெற்றிப் படங்களை எண்ணி அல்ல.

இப்போது உங்கள் மலையடிவாரத்துக்கு வருகிறேன். ஏற்காட்டிலிருந்து பேருந்தில் இறங்கிச் சேலம் செல்லும்போது, ஏற்காடு சாலையில் ஒரு நுழைவாயில் வளைவு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சிலர் அதன் முன்னால் நின்று படமும் பிடித்துக்கொள்கிறார்கள். உள்ளே இன்று வீடுகள். ஆனால் ஒரு காலத்தில் அந்த வளைவுக்குள்ளே அரசவைகள் இருந்தன, போர்க்களங்கள் இருந்தன, சிறைச்சாலைகள் இருந்தன, எல்லாம் அட்டையிலும் சாந்திலும்! அதுதான் மாடர்ன் தியேட்டர்ஸ். திருச்செங்கோட்டு டி.ஆர். சுந்தரம் அவர்கள், இங்கிலாந்திலே லீட்ஸ் நகரம் சென்று நெசவுத் தொழிற்கல்வி படித்துத் திரும்பியவர், 1930களின் நடுவில் அதைத் தொடங்கினார். 1937இல் ‘சதி அகல்யா’. 1938இல் மலையாளத்தின் முதற் பேசும்படமான ‘பாலன்’. 1940இல் சின்னப்பா இரட்டை வேடமிட்ட ‘உத்தமபுத்திரன்’. ஆலையை நடத்துவதுபோல் நடத்தினார் அந்தக் கலைக்கூடத்தை. எழுத்தாளனுக்கு மாதச் சம்பளம், நடிகனுக்கு மாதச் சம்பளம், தச்சனுக்கு மாதச் சம்பளம். எல்லோரும் அவரை ‘முதலாளி’ என்றே அழைத்தார்கள். நேரம் தவறினால் முகம் சிவக்கும் முதலாளி. ஆனால் மாதம் பிறந்தால் சம்பளம் உண்டு. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அங்கிருந்து வெளிவந்தன. நாடகம் எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: அடுத்த மாதம் அரிசி உண்டு என்ற நிச்சயம் எழுத்துக்கும் நடிப்புக்கும் எவ்வளவு பெரிய துணை என்பது, அந்த நிச்சயம் இல்லாதவனுக்குத்தான் தெரியும்!

மு. கருணாநிதி அங்கே எழுத்தாளராகச் சேர்ந்தார். குண்டலகேசிக் கதையை ஒட்டி அவர் எழுதிய ‘மந்திரிகுமாரி’ நாடகம் படமாக்கப்பட்டது. கதாநாயகனாக யாரைப் போடுவது என்ற பேச்சு எழுந்தபோது, எம்.ஜி.ஆர். பெயரை எடுத்து வைத்தவர் அவர். முதலாளிக்குத் தயக்கம். நடிகரின் மோவாயிலே ஒரு குழி இருக்கிறதே, அது திரையில் நன்றாக இராதே என்றாராம். சிறு தாடி ஒட்டிவிட்டால் போயிற்று என்று தீர்வு கண்டார்களாம். அந்தக் காலத்து ஆட்கள் பலரும் சொல்லும் கதை இது. பதினான்கு ஆண்டு உழைப்பைக் கண்டு தயங்கவில்லை. ஒரு மோவாய்க் குழியைக் கண்டு தயங்கினார்கள்! பின்னாளில் அதே மோவாயைக் காணச் சுவரேறிக் குதித்தது தமிழ்நாடு.

இயக்கியவர் யார்? டங்கன்! 1936இல் ஆய்வாளர் சட்டை மாட்டிவிட்ட அதே டங்கன். முதற்படத்தில் மூலையில் நிற்கவைத்தவரை, தமது கடைசித் தமிழ்ப் படத்தில் நடுவில் நிற்கவைத்தார். படம் முடியுமுன் அவர் அமெரிக்கா திரும்ப, சுந்தரம் அவர்களே எடுத்து முடித்தார். 1950ஆம் ஆண்டு சூன் திங்களில் படம் வெளிவந்தது. எஸ்.ஏ. நடராஜன், மாதுரி தேவி, எம்.என். நம்பியார் எல்லோரும் நடித்த படம். பார்த்தவர்களில் பலர் நடராஜன் ஏற்ற கொடியவன் பார்த்திபனைத்தான் அதிகம் பேசினார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் கதாநாயகன் இனி பின்வரிசைக்குப் போகவேண்டியதில்லை என்றாயிற்று. அதே ஆண்டு ‘மருதநாட்டு இளவரசி’. அடுத்த ஆண்டு ‘மர்மயோகி’, சேலத்திலேயே ‘சர்வாதிகாரி’. 1954இல் நாமக்கல் கவிஞர் எழுதிய ‘மலைக்கள்ளன்’ படமாகிக் குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்றது. 1956இல் மீண்டும் மாடர்ன் தியேட்டர்ஸ். ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’, தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். 1958இல் தாமே எடுத்துத் தாமே இயக்கிய ‘நாடோடி மன்னன்’. அதற்குப் பிறகு நடந்தது ஊரறிந்த கதை. அதை நான் சொல்லப் போவதில்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவரை ஏற்றிவிட்ட கைகள் எத்தனை! சாமியின் கை, கருணாநிதியின் கை, சுந்தரத்தின் கை, சண்டைக்காட்சியில் தோள்கொடுத்த சாண்டோ சின்னப்பா தேவரின் கை. சிவாஜி கணேசன் வரலாறும் அப்படித்தான். 1952இல் ‘பராசக்தி’ எடுத்துக்கொண்டிருந்தபோது, இந்தப் பையன் வேண்டாம், வேறு ஆளைப் போடலாம் என்று பேச்சு எழுந்தது. ‘இவன்தான்’ என்று அசையாமல் நின்றவர் பெருமாள் முதலியார். அவர் நிற்காதிருந்தால்? அதே திறமை, அதே பசி, அதே கண்ணீர், ஆனால் பெயர் மட்டும் நமக்குத் தெரியாது. தனியொருவனாகப் பட்டினி கிடந்து எவரும் உயர்ந்ததாக எனக்குத் தெரியவில்லை.

புகழ் வந்தபின் பயிற்சி நின்றதா? 1959இல் சீர்காழியிலே ‘இன்பக்கனவு’ நாடகம் நடிக்கும்போது எம்.ஜி.ஆருக்குக் கால் முறிந்தது. ‘நாடோடி மன்னன்’ வெளிவந்து, தமிழகம் தோளில் தூக்கிய பிறகும் மேடையை விடவில்லை என்பதற்கு அந்த முறிந்த காலே சான்று. 1967 சனவரி 12. துப்பாக்கிக் குண்டு தொண்டையைத் தாக்கிற்று. உயிர் பிழைத்தார், குரல் பிழைக்கவில்லை. பாய்ஸ் கம்பெனிப் பையன் எதற்கு அஞ்சி நடுங்கினானோ, அது ஐம்பதாவது வயதில் வந்தே விட்டது! வேறொருவரை வைத்துக் குரல் கொடுக்கச் சொல்லலாம். தொழிலில் அது வழக்கம்தான். அவர் அப்படிச் செய்யவில்லை. உடைந்த குரலை வைத்துக்கொண்டு, சொல் சொல்லாகப் பழகி, பேசினார். அதே ஆண்டு வெளிவந்த ‘காவல்கார’னில் அந்தப் புதிய குரல் கேட்கிறது. முதல் தடவை கேட்டபோது திகைத்த மக்கள், பிறகு அதையே பழகிக்கொண்டார்கள்.

இனி, பசிக்கு வருகிறேன். 1977இல் அவர் முதலமைச்சரானார். அந்த ஆட்சியின் குறை நிறைகளைப் பேச இது மேடையல்ல. பேசத் தொடங்கினால் இன்றிரவு உங்களுக்கு நாடகம் இல்லை! ஒன்றை மட்டும் சொல்கிறேன். பள்ளிப் பிள்ளைக்குச் சோறு என்ற எண்ணம் அவருக்கு முன்பே இந்த மண்ணில் முளைத்ததுதான். நீதிக்கட்சிக் காலத்திலே சென்னை மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கிற்று. 1956இல் காமராசர் அதை நாடெங்கும் பரப்பினார். 1982 சூலை 1ஆம் நாள், திருச்சி மாவட்டத்துப் பாப்பாக்குறிச்சியில், எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். பணம் எங்கே, கணக்கு எங்கே என்று கேட்டவர்கள் இருந்தார்கள். பசியைப் பற்றித் தமக்கு ஏட்டறிவு தேவையில்லை, தாம் பட்டறிந்தவர் என்பதே அவர் தந்த விளக்கத்தின் சாரம்.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! பசிதான் தம்மைப் பெரிய நடிகனாக்கியது என்று அந்த மனிதர் நம்பியிருந்தால் என்ன செய்திருப்பார்? ‘பிள்ளைகள் பசிக்கட்டும், அப்போதுதான் அவர்களிலிருந்து என்னைப் போல் ஒருவன் வருவான்’ என்றல்லவா விட்டிருப்பார்? அவர் அப்படி நம்பவில்லை. தம் வாழ்க்கையில் தமக்கு வாய்த்ததில் எது வேண்டாததோ, அதைப் பிறர் பிள்ளைக்கு வராமல் தடுக்க முயன்றார். இந்த மலையில் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்திலிருந்து உச்சிவேளையில் எழும் புகையை நீங்கள் பார்க்கிறீர்கள். 2022இலிருந்து காலைச் சிற்றுண்டியும் வந்திருக்கிறது. சோற்றுக்காக ஒரு பிள்ளையைக் கொட்டகைக்கு அனுப்பும் நிலை இன்று எந்தத் தாய்க்கும் வரக்கூடாது என்பதுதானே அதன் பொருள்?

இப்போது என் கதை. தம்பி கேட்ட கேள்வியிலே என் பெயரும் இருந்ததே, தப்பிக்க முடியாது. நான் கல்லூரியைக் கலைக்காகத் துறந்தவன் என்று பல மேடைகளில் பேசியிருக்கிறேன், கை தட்டியிருக்கிறார்கள். இந்த மலைமேல் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மூன்று பாடங்களில் தேறவில்லை. அடுத்த தவணைக் கட்டணம் கட்ட வீட்டில் பணமில்லை. அப்பாவிடம் சொல்ல வெட்கம். அந்த வெட்கத்துக்குக் ‘கலை’ என்று பெயர் வைத்துக்கொண்டு ஒரு நாடகக் குழுவில் சேர்ந்தேன். ஒரு வேளை உணவு. மற்ற வேளைக்கு வசனம். ஓர் ஊரில் மூன்றாம் நாள் ஆட்டம் முடிந்ததும், குழுவை நடத்தியவர் வசூலோடு இரவோடிரவாகப் போய்விட்டார். ஏழு பேர் நின்றோம். அரண்மனை எழுதிய திரைச்சீலையை ஒரு பந்தற்காரரிடம் விற்று, பேருந்துக்கு வழி செய்துகொண்டு வீடு திரும்பினோம்.

அந்தப் பட்டினி எனக்கு நடிப்பைக் கற்றுத் தந்ததா? இல்லை. பசித்தவன் வசனத்தை மறப்பான். அதுதான் நான் கண்டது. மன்னன் வேடத்தில் நின்றுகொண்டு, எதிரே முதல் வரிசையில் ஒரு குழந்தை தின்றுகொண்டிருந்த முறுக்கைப் பார்த்தபடி, பேசவேண்டிய வரியை விட்டுவிட்டேன். நான் எழுதக் கற்றுக்கொண்டது அதற்குப் பிறகு, ஓர் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை கிடைத்து, இரண்டு வேளைச் சோறு நிச்சயமான பின்புதான். விட்டுப்போன அந்த மூன்று பாடங்களை எழுதி முடிக்கவில்லையே என்ற உறுத்தல், இன்று முப்பத்தைந்து வயதிலும் தேர்வு மாதம் வந்தால் தலை நீட்டுகிறது.

ஆகவே தம்பி, ‘போகாதே’ என்று நான் சொல்லவில்லை. சென்னை உன்னுடையதும்தான். ஆனால் எம்.ஜி.ஆர். மூன்றாம் வகுப்பு என்று சொன்னாயே, சென்னைத் தரமணியிலே அரசு நடத்தும் திரைப்படப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. அதற்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு எல்லாம் அங்கே பட்டப் படிப்பு. மூன்றாம் வகுப்போடு போனால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்! பன்னிரண்டாம் வகுப்பு வேண்டும் என்பார்கள். அது உன்னிடம் இருக்கிறது. இன்னும் ஓராண்டில் பட்டமும் இருக்கும். அவருக்கு இல்லாத ஒன்று உன் கையில் இருக்கும்போது, அதைக் கீழே போட்டுவிட்டு அவரைப்போல் ஆக வேண்டும் என்கிறாயே, அது எந்த ஊர் நியாயம்?

அவருக்கு இருந்தது உனக்கு இருக்கிறதா என்று பார். நாள்தோறும் ஒத்திகை உண்டா? கைப்பேசியில் அரை நிமிடக் காட்சி நடித்து அனுப்புகிறாய். நல்லது, நானும் பார்த்துச் சிரிக்கிறேன். ஆனால் அதிலே பிடிக்காவிட்டால் அழித்துவிட்டு மறுபடி எடுக்கலாம். மேடையில் அழிக்க முடியாது. மாதம் ஒரு நாடகம் இந்த வெள்ளக்கடையில் போடுங்கள். அடுத்த மாதம் பக்கத்து ஊரில் போடுங்கள். ஏற்காடு தொகுதி பழங்குடி மக்களுக்கென ஒதுக்கப்பட்ட தொகுதி. ஆனால் உங்கள் மலை மக்களின் வாழ்க்கை ஒரு நல்ல நாடகமாக எழுதப்பட்டு நான் பார்த்ததில்லை. காப்பி பறிக்கும் கையைப் பற்றி, மிளகு விலை விழுந்த ஆண்டைப் பற்றி, அடிவாரம் இறங்கி வேலைக்குப் போனவன் திரும்பி வராத வீட்டைப் பற்றி யார் எழுதுவது? சேலத்துக் கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்து நீ எழுது. எழுதிக் கொண்டுவா, எனக்குத் தெரிந்த அளவுக்குத் திருத்தித் தருகிறேன். ஏற்றிவிடும் கைகள் வேண்டும் என்றேனே, என் கை அவ்வளவு நீளமானதல்ல, இருந்தாலும் நீட்டுகிறேன்.

திரைக்குப் பின்னால் மணி அடித்துவிட்டார்கள். தம்பிக்கு இன்று காவற்காரன் வேடம். நாலே வரிதான் வசனம் என்று சற்றுக் குறையோடுதான் சொன்னார். முதல் வரிசையில் எனக்கு ஓர் இடம் போட்டிருக்கிறார்கள். அந்த நாலு வரியையும் கேட்க நான் இறங்கிச் செல்கிறேன்.